கீழே வெயில், மேலே மழை: கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு அருவிக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு மறுவாரம். வீட்டில் உறவுக்காரர்கள், பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. "எங்கேயாவது தண்ணிக்குப் போவோமா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்தால் போதும், அரை மணி நேரத்தில் இரண்டு கார் நிரம்பிவிடும். சிக்கல் என்னவென்றால், கோலாலம்பூர் வட்டாரத்தில் மழை உச்சத்தில் இருப்பதே அக்டோபர், நவம்பரில்தான். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு உச்சம். நமக்கு விடுமுறை கிடைப்பதும் ஆறு கோபப்படுவதும் ஒரே சமயத்தில் வந்து விழுகின்றன.

அதற்காக மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அருவி அருவியாக இருப்பது அப்போதுதான். காய்ந்த மாதத்தில் பாறையில் ஒட்டிக்கொண்டு வழியும் தண்ணீரைப் பார்க்க யாரும் பெட்ரோல் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் எப்போது போவது, எங்கே உட்காருவது, எப்போது எழுந்து வருவது என்ற மூன்றிலும் கறாராக இருக்க வேண்டும்.

எந்த மழைக்குப் பயப்பட வேண்டும்

தலைமேல் பெய்கிற மழையை எல்லாரும் பார்க்கிறோம், நனைந்தால் ஓடுகிறோம். ஆளை அடித்துப்போவது மலைமேல் பெய்கிற, நம் கண்ணுக்குத் தெரியாத மழை. அதிலிருந்து வரும் திடீர் வெள்ளத்தைத்தான் மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். தண்ணீருக்குத் தலை முளைத்து வருவதுபோல் முதலில் ஒரு சுவர் வரும், பின்னாலேயே வெள்ளம் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அருவிக்கு மேலே ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவு இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் ஊர் இடிமழைக்கு அது அபூர்வமில்லை. அந்த மழை மொத்தம் 5 கோடி லிட்டர். மண் காய்ந்திருந்தால் நல்ல பங்கைக் குடித்துக்கொள்ளும். மூன்று நாளாக மழை பெய்து ஊறிப்போன மண்ணில் பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு ஓடைக்குத்தான் வரும். மலைச்சரிவு செங்குத்து, ஓடை குறுகல். அதனால் தண்ணீர் பரவ இடமில்லாமல் உயரமாக எழும். மேலே விழுந்த மரமும் சருகும் சேர்ந்து ஓடையை அணைபோல் அடைத்திருந்தால் இன்னும் மோசம். அது உடையும்போது மரக்கட்டைகளும் சேர்ந்து வரும். 2021 ஆகஸ்ட் 18-இல் கெடாவின் குனோங் ஜெராய் மலையில் பெய்த கனமழை, யான் வட்டார ஆறுகளில் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது.

கெப்பாலா ஆயர் வரும் நேரத்தில் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். "இங்கதான் மழையே இல்லையே" என்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் பேரை ஏமாற்றிய வாக்கியம்.

இடம்

மழைக்காலத்துக்கு இடம் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கார் நிற்கும் இடத்துக்குத் திரும்ப, வழியில் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்குமா? ஆமாம் என்றால் அந்த இடத்தைக் காய்ந்த மாதத்துக்கு ஒத்திவையுங்கள். கோலா குபு பாரு பக்கம் இருக்கும் சுங்கை சிலிங் அருவி அழகில் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனால் போகும் வழியில் ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். இரண்டு கடவுகளுக்கு நடுவே இருக்கும்போது தண்ணீர் ஏறினால், முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. பாட்டியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அங்கே போகும் காலம் இதுவல்ல.

குடும்பத்துக்கு எங்கள் முதல் தேர்வு காஞ்சிங். செலாயாங்குக்கும் ரவாங்குக்கும் நடுவே, பழைய ஈப்போ சாலை ஓரத்திலேயே இருக்கிறது. ஏழு அடுக்காக விழும் அருவி. கீழ் அடுக்குகளுக்குப் படிக்கட்டு உண்டு. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் முதல் இரண்டு அடுக்கோடு நிற்கட்டும். மேல் அடுக்குகளுக்குப் போகும் காட்டுப்பாதை, வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய பாதை. மழையில் அது சோப்பு தேய்த்த மாதிரி. இந்தப் பருவத்தில் குடும்பத்தோடு போனால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். நிமிர்ந்து பார்க்க ஆசைப்பட்டால் மரங்களைப் பாருங்கள்: 'கியாம் காஞ்சிங்' என்ற மரம் இந்த ஊர்ப் பெயரையே தாங்கி, இந்த வட்டாரக் காட்டில் மட்டும் வளர்வது.

நீந்துவதைவிட ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் காலை நனைப்பதுதான் நோக்கம் என்றால் உலு லங்காட்டின் சுங்கை சொங்காக் போதும். அதே பக்கம் உள்ள சுங்கை கபாயில் அருவி பெரிய பாறைச்சரிவில் வழுக்கி விழுகிறது. பக்கத்தில் நீளமான படிக்கட்டு. முழங்கால் வலிக்காரர்கள் ஏறும்போது சமாளித்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் தெரியும்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்மலைக்கு அந்தப் பெயர் வரக் காரணமான அருவி குடிநீர் எடுக்கும் பகுதிக்குள் இருக்கிறது, குளிக்க முடியாது. தெலுக் பஹாங் பக்கம் போகிறவர்களுக்கு இங்கே சொல்லும் நேரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் அப்படியே பொருந்தும்.

எந்த இடமானாலும், தொடர்மழைக்குப் பிறகு வன இலாகா சில இடங்களை மூடி வைக்கும். முதல் நாளே திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மூடியிருந்தால், கயிற்றைத் தாண்டி உள்ளே போகும் வீரம் பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.

நாள் பார்ப்பது

இதற்குப் பஞ்சாங்கம் உதவாது. மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் 'மைகுவாச்சா' செயலி உதவும். கோலாலம்பூர் என்று போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். நீங்கள் போகும் மாவட்டத்தைப் பாருங்கள்: காஞ்சிங் என்றால் கோம்பாக், சொங்காக்கும் கபாயும் என்றால் உலு லங்காட். தொடர்மழை எச்சரிக்கை மூன்று படியாக வரும். வஸ்பாடா (விழிப்பு) மஞ்சள், புரோக் (மோசம்) ஆரஞ்சு, பஹாயா (ஆபத்து) சிவப்பு. மஞ்சள் வந்தாலே பயணம் ரத்து என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். காலையில் எல்லாரும் உடுத்திக்கொண்டு நின்ற பிறகு பேசினால் நடக்காது.

இடிமழை எச்சரிக்கை வேறு. அது சில மணி நேரத்துக்கு மட்டும் மாவட்டப் பெயரோடு வரும். கிளம்பும் முன் ஒருமுறை, போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை, பிறகு சிக்னல் கிடைத்தால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். செயலியில் மழை ரேடார் படமும் இருக்கும். அதில் உங்கள் இடத்தைவிட, அதற்கு மேலே உள்ள மலைப்பக்கம் நிறம் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

முந்தைய மூன்று நாள் மழையையும் கணக்கில் எடுங்கள். மூன்று நாளும் மாலையில் நன்றாகப் பெய்திருந்தால் மண் நிரம்பிவிட்டது. நான்காம் நாள் சின்ன மழையே பெரிய தண்ணீராக இறங்கும். இரண்டு நாள் வெயிலடித்து, மூன்றாம் நாள் காலை வானம் தெளிவாக இருந்தால் அதுதான் நல்ல நாள்.

நேரத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. பருவம் மாறும் மாதங்களில் காலை வெயில் தரையைச் சூடாக்கி, மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, இரண்டு மூன்று மணியிலிருந்து இடியோடு கொட்டும். ஆகவே விடிந்ததும் கிளம்பி, நண்பகலுக்கு முன் தண்ணீரைவிட்டு ஏறிவிடுவதுதான் முழுத் திட்டமும். மே முதல் செப்டம்பர் வரை இந்த வழக்கத்துக்கு விதிவிலக்கு உண்டு: சுமத்ரா காற்று விடியற்காலையிலேயே மழையைக் கொண்டுவந்து கொட்டும். அப்படி ஒரு விடியற்காலை மழை அடித்திருந்தால் அன்று போகாதீர்கள்; மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

முதல் நாள் இரவு: சாப்பாடு

நாசி லெமாக் கட்டிக்கொண்டு போகிற ஆசை எல்லாருக்கும் வரும். தேங்காய்ப்பால் சோறு காலையில் கட்டியது பதினொரு மணிக்குள் வாயில் போய்விட்டால் சரி. காரின் பின்பக்கச் சூட்டில் மதியம் தாண்டினால் ஊசத் தொடங்கிவிடும். அதனால் காலைப் பசியாற நாசி லெமாக், மதியத்துக்குப் புளிசாதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேருக்குப் புளிசாதம்: அரிசி 1 கிலோ, புளி 150 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லிலிட்டர், காய்ந்த மிளகாய் 15, கடலைப்பருப்பு 4 மேசைக்கரண்டி, வேர்க்கடலை 100 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கடுகு, பெருங்காயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு. புளியைக் கெட்டியாகக் கரைத்து, தாளித்ததில் ஊற்றி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சிறு தீயில் சுண்ட வையுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். தண்ணீர்ப்பதம் மிச்சமிருந்தால் கெட்டுப்போவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். தொக்கை இரவே செய்து வைத்துவிடலாம்.

சோற்றைக் காலையில் உதிரியாக வடித்து, அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே இருபது நிமிடம் ஆறவிட்டுக் கிளறுங்கள். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றின்மேல் சொட்டும். "புளி போட்டதுதானே, கெடாது" என்று நம்பி எடுத்துப்போன சாதம் பிசுபிசுப்பது பெரும்பாலும் இதனால்தான். வாழையிலையில் ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் தட்டும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பிரட்டல், அவித்த முட்டை, அப்பளம். முட்டையை உரிக்காமல் எடுத்துப் போங்கள்.

தண்ணீர் எட்டுப் பேருக்குப் பத்து லிட்டர். ஒன்றரை லிட்டர் போத்தல் ஏழு வாங்கி, இரண்டை இரவே உறைய வைத்துவிட்டால் அதுவே ஐஸ் கட்டி. ஃப்ளாஸ்க்கில் சுக்குக் காப்பி. அருவித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறி உதடு நீலம் பாய்ந்து வரும் பிள்ளைகளுக்கு அதுதான் மருந்து.

எடுத்துப்போக வேண்டியவை

உயிர்காப்பு மேலாடை பிள்ளைக்கு ஒன்று, நீந்தத் தெரியாத ஒவ்வொருவருக்கும் ஒன்று. கையில் மாட்டும் காற்றுப் பலூனும் வாத்து வளையமும் நீச்சல் குளத்துக்கானவை. ஓடும் தண்ணீரில் அவை பிள்ளையைத் தலைகீழாகக் கவிழ்க்கும். இல்லையென்றால் படகுபோல் இழுத்துக்கொண்டு போகும். பதினைந்து மீட்டர் கயிறு ஒன்று, அதன் முனையில் கட்ட மூடி இறுகிய காலிப் பிளாஸ்டிக் போத்தல். விசில் ஒன்று, அருவி இரைச்சலில் அப்பா கத்துவது பத்தடிக்கு மேல் கேட்காது. பிறகு மாற்றுத் துணி, துண்டு, போனுக்கு நீர்புகாப் பை, ஒட்டும் பட்டை, கிருமிநாசினி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், குப்பைக்கு இரண்டு தடிமனான பை. கறி சுடும் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெள்ளம் வரும்போது "கோழி இன்னும் வேகலையே" என்று யாராவது ஒருவர் நிற்பார்.

காலில் என்ன போடுவது என்பதற்கு நீண்ட விவாதம் வேண்டாம். கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, அதாவது ஊரே 'அடிடாஸ் கம்போங்' என்று கிண்டலாகச் சொல்லும் அதுதான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர்கள் போட்டது. அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு இருக்கும், தண்ணீர் புகுந்தாலும் கனக்காது, விலையும் மலிவு. கெட்டிக் காலுறை போட்டு ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். வெறுங்காலில் போட்டால் குதிகால் தேய்ந்துவிடும். சிலிப்பர் மட்டும் வேண்டாம். தண்ணீரில் அது கழன்று போகும், அதைப் பிடிக்க ஒருவர் பாய்வார். அருவிக்கரை விபத்துகளில் சிலிப்பரைத் துரத்திப் போனது ஒரு தனி வகை.

காலை

ஐந்தரைக்கு எழுந்து, ஆறரைக்குக் கார் கிளம்பினால் எட்டு மணிக்குள் இடத்தில் இருக்கலாம். நுழைவுச்சீட்டுக்குச் சில்லறை கையில் இருக்கட்டும். காரை வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள், பட்டுப்போன மரத்துக்கும் டுரியான் மரத்துக்கும் கீழே நிறுத்தாதீர்கள். கைப்பையைச் சீட்டுக்கடியில் ஒளிப்பதும் வெளியே வைப்பதும் ஒன்றுதான். கார்க் கண்ணாடியை உடைப்பவருக்கு அந்த இடம் தெரியும். வழியில் போன் சிக்னல் எங்கே அறுந்தது என்று ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். அவசரத்தில் 999 அழைக்க அந்த இடம்வரை ஓட வேண்டியிருக்கும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் இருப்பவர் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம்

பிள்ளைகள் துடிப்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். தண்ணீரைப் பத்து நிமிடம் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது.

முதலில் பாய் விரிக்கும் இடம். ஆற்றுக்கு நடுவே உள்ள பாறைத்திட்டு, மணல் மேடு எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அது போன வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல். அடுத்த வெள்ளத்தின் பாதையும் அதுவே. கரையோர மரங்களைப் பாருங்கள். கிளைகளில், புதர்களில் சருகும் பிளாஸ்டிக்கும் சிக்கியிருக்கும். அந்த உயரம்வரை தண்ணீர் வந்து போயிருக்கிறது என்று ஆறு எழுதி வைத்த கணக்கு அது. உங்கள் பாய் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். படிக்கட்டும் கார் நிறுத்துமிடமும் எந்தக் கரையில் இருக்கின்றனவோ அதே கரையில் விரியுங்கள், அங்கேயே இருங்கள்.

இரண்டாவது, அடையாளக் கல். தண்ணீர் விளிம்பில், பாதி நனைந்து பாதி காய்ந்து நிற்கும், அசையாத பெரிய கல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் தொடும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள், அல்லது அங்கே தெரியும் வெடிப்பையோ பாசிக்கோட்டையோ போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். தண்ணீர் விரல்கட்டை அளவு ஏறினாலும் போதும், விசில். அது பாட்டிக்கு ஏற்ற வேலை. கரையில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான், கண்ணை அங்கே இங்கே விடாதவரும் அவர்தான்.

மூன்றாவது, ஓடும் வழி. மூன்று முறை விசில் கேட்டால் எல்லாரும் எங்கே ஏறி, எந்த மரத்தடியில் நிற்பது என்று காட்டி, பிள்ளைகளை ஒருமுறை ஓடிக் காட்டச் சொல்லுங்கள். விளையாட்டு என்று நினைத்து உற்சாகமாகச் செய்வார்கள். பெரியவர்களைச் செய்ய வைப்பதுதான் கஷ்டம்.

தண்ணீரில்

இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறும்போது "இனி நீ பார்த்துக்கொள், நான் ஏறுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அத்தை பார்ப்பாள் என்று சித்தி, சித்தி பார்ப்பாள் என்று அத்தை. நான்கு பெரியவர்கள் சுற்றி நிற்கும்போதே பிள்ளை மூழ்குவது இப்படித்தான். காவல் இருப்பவர் கையில் போன் கூடாது.

ஆழம்: பிள்ளைக்கு இடுப்பு, பெரியவருக்கு முழங்கால். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரைத் தள்ளாடி விழவைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் சற்றுமுன் சாதாரணமாக நின்ற இடத்தில் திடீரென்று நிற்க முடியாமல் போகிறது.

அருவி நேராக விழும் குழிக்குக் கிட்டே போகாதீர்கள். விழும் தண்ணீர் அடியில் சுழன்று ஆளை மறுபடி மறுபடி உள்ளே இழுக்கும். வெள்ளை நுரையில் காற்று நிறைந்திருப்பதால் உடம்பு மிதக்கவும் மிதக்காது. மேலே இருந்து குதிப்பதும் கிடையாது. போன மாதம் ஆழமாக இருந்த குழியில் இந்த மாதம் ஒரு மரக்கட்டை கிடக்கும். மழைக்காலத்தில் ஆற்றின் அடி வாரத்துக்கு வாரம் மாறும்.

பாறையில் நடக்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளுத்துக் காய்ந்த பாறை பிடிக்கும். கறுத்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னுவதில் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம் இருக்கும். எந்தச் சப்பாத்தும் நிற்காது. அங்கே நிற்க முயல்வதைவிட உட்கார்ந்து நகர்வதே உத்தமம். மானம் போகாது, முதுகு தப்பிக்கும்.

யாராவது இழுத்துப் போகப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், ஒருவர் இருவராவார்கள். போத்தல் கட்டிய கயிற்றை அவருக்குச் சற்றுக் கீழ்ப்பக்கமாக வீசுங்கள், அவர் மிதந்து வந்து பிடிக்கும்படி. மாட்டிக்கொண்டவர் மல்லாந்து, கால் இரண்டையும் கீழ்த்திசை நோக்கி நீட்டி மிதந்தபடியே கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். நடு ஓட்டத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கும். பிறகு தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும்.

நிறம் மாறினால்

தெளிந்த தண்ணீர் தே தாரிக், அதாவது பால் தேநீர் நிறத்துக்கு வருகிறது. சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருகின்றன. இரைச்சலின் சுருதி மாறி, தூரத்தில் லாரி வருவதுபோல் அடிவயிற்றில் கேட்கிறது. கல்லில் போட்ட கோடு மறைகிறது. இதில் ஒன்று தெரிந்தாலே மூன்று விசில். நான்கும் சேரட்டும் என்று காத்திருந்தால் நேரம் இருக்காது. சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல் நேராகச் சுவரே வரும். இடம் பார்த்து உட்காரச் சொன்னது அதற்காகத்தான்.

பக்கவாட்டில், மேட்டைப் பார்த்து ஏறுங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடினால் தண்ணீர் உங்களை முந்தும். பாய், டப்பா, போன் எல்லாம் கிடக்கட்டும். மரத்தடியில் தலை எண்ணுங்கள். யாராவது எதிர்க்கரையிலோ நடுப்பாறையிலோ மாட்டிக்கொண்டால், அவர்கள் அங்கேயே முடிந்தவரை உயரத்தில் நிற்க வேண்டும். கடக்க முயலக் கூடாது. சின்ன மலையோடைகள் ஏறிய மாதிரியே பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். 999-க்கு அழைத்து இடத்தின் பெயர், எத்தனையாவது அடுக்கு, எந்தக் கரை, எத்தனை பேர் என்று சொன்னால் பொம்பா, அதாவது தீயணைப்பு மீட்புப் படை வந்துவிடும்.

இடி சத்தம் கேட்டாலும் இதே ஒழுங்குதான், ஓட்டம் மட்டும் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சாமானைக் கட்டிக்கொண்டு காருக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திரும்ப இறங்கலாம் என்பது நீச்சல் குளத்துக்குப் பொருந்தும். அருவியில் இடி கேட்டால் அன்றைய குளியல் முடிந்தது.

குரங்கும் அட்டையும்

காஞ்சிங் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று தெரியும். பையை ஆட்டிக்கொண்டு நடந்தால் கையிலிருந்தே பறித்துவிடும். கொக்கி போட்டு இறுக மூடும் டப்பாவில் சாப்பாட்டை வைத்து, அதைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டுங்கள். பறித்துவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். சிரித்துப் பல்லைக் காட்டினால் அதற்குச் சண்டைக்கு அழைப்பதாகப் படும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே கிளினிக்.

அட்டை மழைக்காலத்தில் பாதையோரத்து ஈர இலையில் நிமிர்ந்து நின்று காத்திருக்கும். காற்சட்டைக் காலைக் காலுறைக்குள் செருகுவதே பாதிப் பாதுகாப்பு. கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்போ, சுண்ணாம்போ, நெருப்போ வைத்தால் அது தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாயில் கக்கிவிட்டு விழும். மெலிந்த முனைதான் வாய்; அங்கே தோலோடு ஒட்டி நகத்தை விட்டுப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். பிறகு அடுத்த முனை. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சுரப்பைச் செலுத்தியிருக்கும்; அதனால் வெகுநேரம் கசியும். சுத்தமாகக் கழுவி, அழுத்திக் கட்டினால் போதும். வெள்ளைக் காலுறையில் அந்த ரத்தத்தைப் பார்த்துப் பிள்ளைகள் போடும் கூச்சல்தான் பெரிய தொல்லை.

கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கும் முன் பாருங்கள், பாம்போ கம்பளிப்பூச்சியோ இருக்கலாம். குளவிக்கூட்டைக் கல்லால் அடிக்கும் அண்ணன் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கிளம்புவது

பதினொரு மணிக்குச் சாப்பாடு. சாப்பிட்டதும் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டுக்குக் காரில் இருக்கலாம். இலையையும் முட்டையோட்டையும் புதரில் வீசாதீர்கள். மிச்சச் சோறு எலியை அழைக்கும்; எலியின் மூத்திரம் மழையோடு ஆற்றில் கலக்கும்; அடுத்த வாரம் அதில் யாரோ குளிப்பார்கள். எலிக்காய்ச்சல், மலாயில் 'கென்சிங் தீக்குஸ்', வரும் வழி அதுதான். கிருமி வெட்டுக்காயம், கண், மூக்கு, வாய் வழியாக உடம்புக்குள் போகும். ஆறாத புண் உள்ளவர்கள் அன்று கரையில் உட்கார்ந்திருப்பது நல்லது. பிள்ளைகள் ஆற்றுத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிப்பதையும் நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை எல்லாரும் சோப்புப் போட்டுக் குளிப்பது.

பிறகு நாள்காட்டியில் போன தேதியைக் குறித்து வையுங்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். ஒரு மாதம்வரை தள்ளியும் வரலாம். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, அதோடு தொட்டால் துள்ளவைக்கும் கெண்டைக்கால் வலி. வெறும் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுத் தூங்கினால் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படும்வரை போய்விடலாம். நேரத்தில் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். இந்த ஊரில் காய்ச்சல் என்றதும் முதலில் டெங்கிக்குத்தான் ரத்தம் எடுப்பார்கள். அதனால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்: "மிங்கு லாலு சாயா மண்டி டி ஆயர் தெர்ஜுன்", போன வாரம் அருவியில் குளித்தேன் என்று.